பாலத்துக்கு இந்தப் பக்கம்

எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு மலர் போடுகிறார்கள். கடைத்தெருவின் குறுக்கே போகும் சின்ன ரயில் பாலத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். ஊரிலேயே பிறந்து வளர்ந்த டீச்சர் என்ற தகுதிதான். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். செங்கல் தூண்கள், இரும்பு உத்தரம், கரி எஞ்சின் காலம், வைக்கோல் லாரி சிக்கிக்கொண்டு டயரில் காற்றை இறக்கி அதை மீட்ட கதை, அகலப் பாதை போடுவதற்காகச் சில வருடம் ரயிலே வராமல் தூணில் சினிமா போஸ்டர் மட்டும் மாறிக்கொண்டிருந்த காலம், எல்லாம் உண்டு. எனக்குத் தெரிந்த முக்கியமான ஒன்றை மட்டும் எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது.

அந்த நாளில் ரயில் கக்கூஸுக்கு அடியில் ஒன்றும் கிடையாது, நேரே தண்டவாளம்தான். பாலத்தின் மேலே வெறும் கட்டைகள், கட்டைகளுக்கு இடையே சந்து, சந்துக்குக் கீழே எங்கள் கடைத்தெரு. அதனால் ரயில் சத்தம் கேட்டால் ஊரே நின்றுவிடும். சைக்கிள்காரர், பூக்காரம்மா, மாப்பிள்ளை ஊர்வலம், யாராக இருந்தாலும் பாலத்துக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. கடைசிப் பெட்டி போன பிறகுதான் நடப்போம். பலகை எதுவும் எழுதி வைக்கவில்லை. ஊர்க்காரனுக்குத் தெரியும், வெளியூர்க்காரன் பட்டுத் தெரிந்துகொள்வான். அவன் படுவதை வேடிக்கை பார்ப்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு. இதில் என்ன பெருமையைக் கண்டோமோ.

எனக்கு அப்போது பதினேழு வயது. டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிற வழியில் இரண்டு தோழிகளோடு நின்றிருந்தேன். காலை பாசஞ்சர் வரும் நேரம். மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர், மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி சட்டையில், கையில் ஒரு காகிதத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். கூட்டம் நிற்பதைப் பார்த்துத் தயங்கினார். பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்.

"இன்னாம்மா, எல்லாரும் நின்னுக்கினு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்க போங்க."

மரியாதையாகத்தான் சொன்னேன். தோழிகள் முன்னால் சாமர்த்தியம் காட்ட எனக்கு அவர் கிடைத்தார், அவ்வளவுதான். அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். பாலத்துக்கு அடியில் போகும்போது ரயில் மேலே வந்துவிட்டது. முதலில் சிரித்தது நான்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் திரும்பி, தெருக்குழாய்ப் பக்கம் போனார். சாயங்காலத்துக்குள் நான் அதை மறந்தும் போனேன். மறந்ததை நினைத்தால்தான் இப்போது இன்னும் கூசுகிறது.

இப்போது நெல்லிவாசல்நாட்டில் ஒரு பள்ளியில் வேலை செய்கிறேன். திங்கட்கிழமை காலையில் ஷேர் ஜீப்பில் மலையேறுவேன். போன மாதம் ஒருநாள் ஜீப் பாலத்தை நெருங்கும்போது, முன் சீட்டில் இருந்த பெரியவர் டிரைவரின் கையைப் பிடித்தார்.

"நிறுத்துப்பா, வண்டி வருது."

"பெருசு, அது கூட்ஸு. கூட்ஸுல ஏது கக்கூஸு? இப்பல்லாம் பாசஞ்சருக்கே டேங்கு வெச்சிட்டாங்க."

"இருந்தாலும் நில்லு."

டிரைவர் முணுமுணுத்தபடி நிறுத்தினார். கூட்ஸ் முடிவதாக இல்லை. என் பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண் ஏன் என்று கேட்டாள். பெரியவர் சொன்னார்.

"நம்ப பொண்ணு அஞ்சாவது முடிச்ச வருஷம். கீழ ஆஸ்டல்ல சேக்க மனு குடுக்க வந்தேன். அன்னிக்குத்தான் கடைசி நாளு. இந்தப் பாலத்தாண்ட தல மேல எல்லாம் ஊத்திக்கிச்சி. மனுவும் நனைஞ்சிபோச்சி. கொழாயில கழுவிப் பாத்தேன், நாத்தம் போவல. அந்தக் கோலத்தோட ஆபீசுக்குள்ள எப்டிப் போறது? வூட்டுக்குத் திரும்பிட்டேன்."

"பொண்ணு?" என்றாள்.

"அதோட படிப்பு நின்னுபோச்சி. ஆடு மேய்க்கப் போய்ட்டா."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அங்க நின்னவங்க ஒருத்தரும் சொல்லலியா?" என்றாள் அந்தப் பெண்.

"ஒரு பொண்ணாண்ட கேட்டேன். ஒண்ணுமில்ல, போங்கன்னுச்சி. பாவம், அதுக்கும் தெரியல போல. தெரிஞ்சிருந்தா சொல்லாம இருக்குமா? படிக்கிற பொண்ணு. அன்னியிலருந்து மலையில எறங்குறவங்களுக்கெல்லாம் நான்தான் சொல்லி வுடறேன், பாலத்தாண்ட நில்லுங்கன்னு."

அன்று அவர் கேட்ட பெண் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு சீட்டுதான். அதற்குள் அவரே என் பக்கம் திரும்பினார்.

"டீச்சரு இந்த ஊருதானே? அப்பல்லாம் இப்பிடி ஊத்தும்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஜீப்பில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியாதுங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். கூட்ஸின் கடைசிப் பெட்டி போனதும், "இப்ப போ" என்று டிரைவரிடம் சொன்னார்.