கொக்காகிப் போன அன்னம்

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. இன்றைக்கும் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போட்டுத்தான் பிழைக்கிறேன். இரண்டுக்கும் ஒரு மானிட்டர்தான் காரணம் என்றால் பட்டு நெய்யும் எங்கள் ஆரணியில்கூட நம்பமாட்டார்கள்.

முதலில் அந்த மானிட்டருக்கு எதிரே நாற்காலியில் இருந்தவர் சித்தப்பா. திரையில் கட்டம் கட்டமாக அன்னம், மாங்காய் எல்லாம் வரைவார். ஒரு கட்டம் என்றால் தறியில் ஓர் இழை. அதைப் பார்த்துத்தான் தறியில் மாட்டும் அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அப்பா நெஞ்சுவலியால் தறியை விட்ட பிறகு எங்கள் எல்லோருக்கும் சோறு அந்தக் கம்ப்யூட்டரிலிருந்துதான் வந்தது.

அதில் இருந்தது காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ். எழுத்து பொடியாகத் தெரிகிறது என்று சித்தப்பா சொல்ல ஆரம்பித்தார். "பாப்பா, கொஞ்சம் பெருசாக்கு." நான் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பக்கம் போய் ரெசல்யூஷனை ஒரு படி குறைப்பேன். உடனே ஒரு சின்னப் பெட்டி வந்து, இப்படியே வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். சட்டென்று பதில் சொல்லாவிட்டால் திரை பழையபடி மாறிவிடும். சித்தப்பா தானே செய்தால், அந்தப் பெட்டி எங்கே என்று தேடுவதற்குள் மாறிவிடும். "இன்னா அவசரம் இதுக்கு? பஸ்ஸு புடிக்கப் போவுதா?" என்பார். எனக்குச் சிரிப்பு வராது. எதற்கும் பயப்படுகிற பிள்ளை நான். இத்தனை முறை மாற்றினால் மானிட்டர் வெடித்துவிடுமோ என்று தள்ளி நின்றுதான் அழுத்துவேன்.

கடைசிப் படிக்கு இறக்கியபோது எல்லாம் பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால் மங்கலாக, பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி. அன்னம் வாத்தாகப் பருத்துவிட்டது. சித்தப்பா முகத்தைத் திரையோடு ஒட்டிக்கொண்டு, பருமனைக் குறைக்கக் கட்டங்களை அழித்தார். அப்படியே அட்டை குத்தி, தறியிலும் ஏற்றிவிட்டார்கள்.

எங்களிடம் டிசைன் வாங்கும் நெசவுக்கார மாமா வந்து புடவையை விரித்தார். "அன்னம் கேட்டா கொக்கு போட்டுகிறியே, இன்னாப்பா? பட்டினி போட்டியா அதை?"

"ஸ்கிரீனு பேஜார் பண்ணுதுங்க" என்றார் சித்தப்பா.

"ஸ்கிரீனா இருந்தா சரி." மாமா புடவையை மடித்துக்கொண்டார். அடுத்த டிசைன் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஸ்கிரீன் கெட்டிருக்கவேண்டும் என்று அன்றைக்கு வீடே சாமி கும்பிட்டது. கெட்டிருக்கக்கூடாது என்று நான் மட்டும் கும்பிட்டேன். தினமும் அதைத் தொட்டவள் நான்தானே.

மறுநாள் பள்ளிக்கூடம் போகுமுன் மானிட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அப்பா ஓட்டிய மொபெட்டில் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, ரெசல்யூஷனை முழுசுக்கு ஏற்றினார். எழுத்து எறும்பு அளவுதான், ஆனால் பளிச்சென்று இருந்தது.

"ஸ்கிரீன்ல ஒரு குத்தமும் இல்லீங்க. நல்லா கீது."

அப்பா இன்னொரு தரம் பார்க்கச் சொன்னார். இன்னொரு தரமும் நன்றாகவே இருந்தது.

வீட்டு வாசலில் மானிட்டரை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நான் உள்ளே ஓடினேன். "சித்தப்பா, ஸ்கிரீன் நல்லா கீதாம்! ஒண்ணும் ஆவலையாம்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த சித்தப்பா என் குரல் வந்த பக்கம் திரும்பி, "அப்பிடியா பாப்பா" என்றார். அப்பா மானிட்டரை மேசைமேல் வைத்தார். அம்மா அதன் எதிரே காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தாள். பிறகு யூனிஃபார்மில் நின்ற என்னைப் பார்த்தாள்.

நல்ல சேதி கொண்டுவந்தவளை ஏன் அப்படிப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.