திருப்தி தெரிவித்த விவசாயிகள்

மன்னார்குடியில் சனிக்கிழமை மதியம் நடந்த ஆங்கில வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. குடவாசல் பக்கம் ஒன்றரை ஏக்கரில் நானே நின்று சாகுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். இலக்கணப் புத்தகத்தைத் தொடவே மாட்டார். ஆங்கிலப் பேப்பரை விரித்து, தலைவர்களின் பேச்சையும் அரசு அறிக்கைகளையும் வாசிக்கச் சொல்வார். "இத செஞ்சது யாருன்னு போட்டிருக்கா, பாருங்க" என்பார். தண்ணீர் திறக்கப்பட்டது, கருத்து கேட்கப்பட்டது என்றுதான் இருக்கும். பெரும்பாலும் ஆளே இருக்க மாட்டார்.

இவர் எந்தக் கட்சி என்பதுதான் என் முதல் சந்தேகம். ஆளுங்கட்சிப் பேச்சைப் பிரித்து மேய்ந்தவர், அடுத்த வாரம் எதிர்க்கட்சிப் பேச்சையும் கொண்டுவந்தார். அப்போதும் நான் நம்பவில்லை. சாமர்த்தியமாக மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவர் கொடுத்த பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. கடைமடைக்குத் தண்ணீர் விடுவது பற்றி அதிகாரிகள் கூட்டம் போட்ட செய்தி. விவசாயிகள் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' தெரிவித்தார்களாம்.

"மிஸ், இதுக்கு என்ன அர்த்தம்?"

"திருப்தின்னு அர்த்தம்க்கா."

"நான் அந்தக் கூட்டத்துல இருந்தேன். 'எல்லாருக்கும் சரிதானே'ன்னு அதிகாரி கேட்டாரு. அந்த நேரம் பாத்து டீ வந்துச்சு. யாரும் வாயே தொறக்கல."

"அத அப்படியே இங்கிலீஷ்ல எழுதுங்களேன்."

நான்கு வரி எழுதினேன். நான் அங்கே இருந்தேன், யாரும் திருப்தி என்று சொல்லவில்லை, எங்கள் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. டீச்சர் தன் போனிலிருந்து பேப்பருக்கு அனுப்பினார்.

பத்து நாள் கழித்து உள்பக்க மூலையில் அது வந்தது. ஒரு பிரிவு விவசாயிகள் 'அலெஜ்டு' என்று இருந்தது. அகராதியைப் புரட்டினேன். ஆதாரம் காட்டாமல் குற்றம் சொல்வதாம். நான் அங்கே இருந்தேன் என்ற வரியையே காணோம்.

எனக்கு டீச்சர்மேல்தான் கோபம் வந்தது. அனுப்பியது அவர்தானே? வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "நீங்க மாத்தி அனுப்புனீங்களா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. போனை நீட்டினார். என் நான்கு வரிகளும், நான் விட்ட எழுத்துப்பிழைகூட மாறாமல், அப்படியே இருந்தன.

"மன்னிச்சுக்குங்க மிஸ்."

"பரவால்லக்கா" என்றார். ஆனால் அன்று முழுக்க என் பக்கம் திரும்பவில்லை.

அதிகாரிகள் போட்ட அடுத்த கூட்டத்தில் கையெழுத்துக்காக ஒரு தாள் சுற்றி வந்தது. மற்றவர்கள் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். நான் உட்கார்ந்து வாசித்தேன். 'கருத்துகள் பரிசீலிக்கப்பட்டன' என்று தமிழில்தான் இருந்தது.

"யார் சார் பரிசீலிச்சாங்க?" என்று அதிகாரியைக் கேட்டேன்.

"அது வழக்கமா எழுதுறதும்மா."

"எங்க வாய்க்காலுக்கு இருபத்தஞ்சு நாளா தண்ணி வரலன்னு எழுதுங்க சார். அப்பறம் போடுறேன்."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதினார். இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மறு வாரம் வாய்க்காலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. நான் எழுதச் சொன்ன வரியாலா, எங்கள் முறை வந்ததாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.