ஆண்பூ இல்லாத கொல்லை

பர்மா அரிசி வரத்து நின்றுபோன யுத்த காலத்தில், திருத்தணி மலையடிவாரத்துத் துளசிங்கம் தன் கொல்லை முழுவதும் மக்காச்சோளம் விதைத்தான். வீட்டாருக்கு அந்த விளைச்சலையன்றி வேறு கதியில்லை.

முந்திய கோடையில் அவன் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் கூலிவேலை பார்த்திருந்தான். மணியில் எடையும் சத்தும் கூடுவதற்காக அங்கே இருவகை மக்காச்சோளத்தை இணைத்தார்கள். அவனுக்கு இட்ட பணி, ஒரு வரிசைச் செடிகளின் உச்சியிலுள்ள ஆண்பூக்களைக் கிள்ளுவது. அந்த வரிசையில் கதிர்கள் பருத்ததைக் கண்டான். அடுத்த வரிசையில் பூக்களை ஏன் விட்டுவைத்தார்கள் என்று கேட்கவில்லை. பூ உறிஞ்சும் சத்தும் கதிருக்கே சேரட்டுமென்று, தன் கொல்லைப் பூக்களையெல்லாம் கிள்ளி எருமைக்குப் போட்டான்.

பால் கட்டும் பருவத்தில் மனைவி கௌரியம்மாள் ஒரு கதிரை உரித்தாள். ஒரு மணிகூட இல்லை.

"இன்னாங்க இது, பல்லு போன கெழவன் வாயாட்டம் கீது?"

அவன் உரித்த கதிர்களும் அவ்வாறே இருந்தன.

"பூவத் துன்ன எருமைக்காச்சும் வயிறு ரொம்பிச்சு. புள்ளைங்களுக்கு இன்னாத்தப் போடுவேன்?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: விட்டுவைத்த வரிசையின் பூந்தூள் விழுந்தல்லவா பண்ணையில் மணி பிடித்தது! துளசிங்கம் கொல்லையெங்கும் ஓடினான். வரப்போரம் பிந்தி முளைத்த நோஞ்சான் செடியொன்றில் பூ அப்போதுதான் விரிந்திருந்தது. அதைத் துண்டில் உதறினான். கதிர்நுனியில் தொங்கும் நூல் இன்னும் காயாத செடிகளைத் தேடித்தேடி, அத்தூளைத் திருநீறுபோல் விரல்நுனியில் எடுத்து, "தணிகாசலனே, இந்த மட்டுமாவது" என்று அந்த நூலின்மேல் தூவினான். ஒரு வரிசை முடியுமுன் தூள் தீர்ந்தது. வெறுந்துண்டை அடுத்த கதிரின்மேல் உதறிக்கொண்டே நின்றான்.