சித்தியின் நிரை

மழைக்காலத்தில் தேயிலை மலைக்குப் போகும்முன் பெண்கள் முழங்காலுக்குக் கீழே சவர்க்காரத்தை அழுத்தித் தேய்ப்பார்கள். ரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமல் இருக்கத்தான். தேய்த்து முடித்த சித்தி, வழக்கம்போல் சோப்புக் கட்டியைப் பக்கத்து லயத்து அக்காவிடம் நீட்டிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் நானும் அப்போது கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா கொழும்பில் வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகுதான், அவருக்கு எச்.ஐ.வி இருந்ததும் அது சித்திக்கும் வந்திருப்பதும் தெரிந்தது. மாத்திரை எடுக்க அவள் கிளினிக்குக்குப் போனதை யாரோ பார்த்துவிட்டார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய லய வீடுகளில் செய்தி பரவக் கேட்கவா வேண்டும்! ஒரே பீலித் தண்ணீரில் குளித்தால் ஒட்டும், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் ஒட்டும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் மேலே அட்டை. அவளைக் கடித்த அட்டை பக்கத்து நிரைச் செடிகளில் கொழுந்து எடுப்பவளையும் கடித்தால் என்ன ஆவது என்று பயந்தார்கள். சித்தி டாக்டரிடம் இதையும் கேட்டு, அட்டை கடித்தோ நுளம்பு குத்தியோ இது பரவுவதில்லை என்று வந்து சொன்னாள். யார் காதில் ஏறியது?

கங்காணி அவளை மேலே காட்டோர நிரைக்குத் தனியாக அனுப்பினார். சிறுத்தை நடமாடும் இடம். குளவி கலைந்தால் கத்தினாலும் உதவிக்கு ஆள் வராது. சித்தி சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். பிறகு ஒரு காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் கூடையை இறக்கி வைத்தாள்.

"நான் மேல போக மாட்டேங்க. எனக்கு என் பழைய நெரதான் வேணும்."

"அட்ட கடிச்சுப் பரவுனா யாரு பதில் சொல்றது?" என்றார் கங்காணி.

"ஏங்க, அட்டையா எனக்குத் தாலி கட்டுச்சு? கட்டுன புருசங்கிட்ட இருந்துல்ல வந்துச்சு! பாதுகாப்பில்லாம கூடப் படுத்தா வரும். ரத்தத்தால வரும். ஒருத்தருக்குப் போட்ட ஊசிய இன்னொருத்தருக்குப் போட்டா வரும். தாய் மாத்திர போடாட்டி வயித்துப் புள்ளைக்கும் பால் குடிக்கிற புள்ளைக்கும் வரலாம். இங்க என்கூடப் படுத்தவங்க யாராச்சும் இருந்தா கையத் தூக்குங்க பாப்போம்!"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கங்காணி செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றே சித்தி தன் நிரையில் போய் நின்றாள்.

சிரித்தவர்கள் எல்லோரும் மறுநாளே மாறிவிடவில்லை. சிலர் வெகு நாள் எட்டியே நின்றார்கள். சித்தி அசரவில்லை. மாத்திரையையும் விடவில்லை, நிரையையும் விடவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள்.

நான் இப்போது ஹட்டனில் துணிக்கடையில் வேலை செய்கிறேன். போன மாதம் தோட்டத்துக்குப் போனபோது சித்தி நரைத்த தலையோடு திடமாக இருந்தாள். தோட்டத்தின் மேல் கணக்குப் பிரிவிலிருந்து வந்து கொழுந்தெடுத்த ஓர் இளம்பெண்ணுக்கும் இதே நோய் என்று கதை பரவியிருந்தது. புதிதாக வந்த கங்காணி அவளைக் காட்டோரத்துக்குப் போகச் சொன்னார். சித்தி அவரிடம் வாதாடவில்லை. நேரே போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துவந்து தன் நிரையில் நிறுத்தினாள்.

"இந்தப் புள்ள என்கூட எடுக்கும்ங்க. எங்களத் தனியா மேல அனுப்புற காலம் முடிஞ்சு போச்சு."

அந்தப் பெண் தலைநிமிராமல் கொழுந்தைக் கிள்ளத் தொடங்கினாள். இருபக்க நிரைகளிலும் நின்றவர்களைப் பார்த்தேன். ஒருத்திகூட நகரவில்லை.