கண்ணாடிக்குள் என் பேர்

எங்கள் வேனின் வலது பக்கத்தில் என் பேர் எழுதியிருந்தது. எழுதியிருந்தது என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும், படித்தவர் ஒருவரும் இல்லை. தமிழ் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டுச் சிங்களம் என்று நினைத்தார்கள். சிங்கள ஆட்கள் தமிழ் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். கொட்டகலையில் ஒருநாள் வேனை மறித்த பொலிஸ்காரர் லைசன், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து முடித்தபிறகு, அந்த எழுத்துக்கு முன்னால் போய்த் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "மேக்கே மொனவத லியலா தியன்னே?" என்றார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்கிறார். மகளின் பேர் என்று அம்மா சிங்களத்தில் சொன்னாள். எந்தப் பாஷையில் என்று கேட்க அவருக்கு வாய் வரைக்கும் வந்திருக்கும். நல்ல மனுஷர், கேட்காமல் போகச் சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். அந்தப் பேரை இடது வலது மாற்றி எழுத வைத்தவள் அம்மா. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சைட் கண்ணாடியைப் பார்த்தால் அது நேராகத் தெரியும். அவள் வேலை செய்த நாட்டில் அம்புலன்ஸ் நெற்றியில் அப்படித்தான் எழுதியிருந்ததாம். போர்ட் எழுதுகிற ஆள், "ரோட்டுல போறவங்க படிக்க ஏலாதுங்களே" என்று தலையைச் சொறிந்திருக்கிறார். "அவங்களுக்கு எதுக்குங்க? எனக்குத் தெரிஞ்சா போதும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அவரும் பேப்பரில் எழுதி, பின்பக்கமாக வெளிச்சத்தில் பிடித்து, அந்தக் கோட்டிலேயே சிவப்புப் பெயின்டை இழுத்துவிட்டார்.

அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது நான் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தேனாம். திரும்பி வந்தபோது மூன்றாம் வகுப்பு. நடுவில் அவளை எனக்குப் போனில்தான் தெரியும். அதற்கும் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குள் சிக்னல் இல்லை. அப்பா போனைத் தூக்கிப் பிடிப்பார். படம் விட்டு விட்டு வரும். "காணோமே, புள்ளயக் காணோமே" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். நான் இங்கே குத்துக்கல்லாட்டம் நிற்கிறேன், எதற்குக் காணோம் காணோம் என்கிறாள் என்று எனக்கு எரிச்சல் வரும்.

வந்தவள் மறுபடி கொழுந்து பறிக்கப் போகவில்லை. லைசன் எடுத்தாள், கையிலிருந்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய வேனை வாங்கினாள், எங்கள் லயத்துப் பிள்ளைகளையும் மேல் டிவிசன் பிள்ளைகளையும் கொட்டகலைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கப் போவதாகச் சொன்னாள். லயத்து ஆம்பளைகள் பைப்படியில் நின்று சிரித்தார்கள். அப்பா தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவர் சிரிக்கவும் இல்லை, சிரித்தவர்களைக் கேட்கவும் இல்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அம்மாவின் பாஸ்போட் இன்னும் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. "வேன் சரிவரலன்னா இன்னொரு தடவ போயிட்டு வந்துர்றேன்" என்று அவள் அப்பாவிடம் சொன்னதை நான் போர்வைக்குள்ளிருந்து கேட்டிருந்தேன். ஆகவே வேன் ஓடவேண்டும். வேன் ஓடினால் அம்மா இருப்பாள். அதற்காக நான் அவளோடு ஒட்டிக்கொண்டு திரிந்தேன் என்று நினைக்க வேண்டாம். கேட்டதற்குப் பதில் சொல்வேன், அவ்வளவுதான். அவள் தலைவாரக் கூப்பிட்டால், அவள் இல்லாதபோது என்னைப் பார்த்துக்கொண்ட அத்தையைத் தேடிக்கொண்டு ஓடிவிடுவேன். ஆனால் அந்தப் பேர் மேல் மட்டும் எனக்கு அப்படி ஒரு பெருமை. வேறு எந்தப் பிள்ளையின் பேரும் எந்த வேனிலும் இல்லையே.

அந்தப் பெருமைதான் என்னை ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் கொண்டுபோய் விட்டது. ஒருநாள் பின்னேரம், பள்ளிக்கூடம் விட்டு வந்து, லயத்துக்குப் பிரிகிற முடக்கில் வேனை நிறுத்திப் பிள்ளைகளை இறக்கினாள் அம்மா. எல்லோரும் இடது பக்கம் இறங்கி நடந்தார்கள். நான் மட்டும் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையை இழுத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் சுற்றி வலது பக்கம் வந்தேன். அவளைக் கான் ஓரமாக நிற்க வைத்துவிட்டு, வேனிலிருந்து ஓரடி தள்ளி நின்று, இது 'த', இது 'ர்' என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தேன். பனிமூட்டம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் போய்விட்டார்களா என்று அம்மா வலது கண்ணாடியைப் பார்த்திருக்கிறாள். யாரும் இல்லை. வலது பக்கம் திருப்பினாள். வேனின் பின்பகுதி மெதுவாக என் பக்கம் சரிந்து வந்து, தோளில் ஒரு தள்ளு தள்ளியது. நான் போய்க் கானுக்குள் விழுந்தேன். கூட வந்த பிள்ளை போட்ட கூச்சலில்தான் வேன் நின்றது.

முழங்கை தோல் உரிந்தது, சட்டை முழுக்கச் சேறு, வேறொன்றும் இல்லை. அம்மா இறங்கி வந்து என்னைத் தூக்கினாள். கையைக் காலை நீட்டி மடக்கிப் பார்த்தாள். திட்டவில்லை, அழவும் இல்லை. என்னை ஓரமாக நிற்க வைத்துவிட்டு மறுபடி சீட்டில் ஏறிக் கண்ணாடியைப் பார்த்தாள். இறங்கி என்னைப் பார்த்தாள். திரும்ப ஏறிப் பார்த்தாள். விழுந்தது நான், இவள் எதற்குக் கண்ணாடியைப் போய்ப் பார்க்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் சொன்னாள். "கண்ணாடி முழுக்க அவ பேருதான் இருந்துச்சுங்க. புள்ள இல்ல."

"போதும். வித்துருவோம்" என்றார் அப்பா.

விடிவதற்குள் லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சொந்தப் பிள்ளையையே கானுக்குள் தள்ளியவள் நம் பிள்ளையை என்ன பண்ணுவாளோ என்று பேச்சு. மறுநாள் வேனில் பாதிப் பிள்ளைகள் இல்லை. அடுத்த காம்பரா வீட்டுப் பெரியம்மா தன் இரண்டு பையன்களையும் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, "கோவிச்சுக்காத தங்கச்சி, பயமா இருக்கு" என்று நேராகவே வந்து சொன்னாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அதற்கும் மறுநாள் வேன் இன்னும் காலியானது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரரின் போனும் சொல்லி வைத்தாற்போல் வந்தது. பாஸ்போட் இரும்புப் பெட்டியிலிருந்து மேசைக்கு வந்திருந்தது. எடுத்து வைத்தது அப்பாவா அம்மாவா என்று எனக்குத் தெரியாது. நான் அதைப் பார்க்காத மாதிரி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்க" என்று மட்டும் அம்மா சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனைத் தோட்டத்து விளையாட்டுத் திடலுக்குக் கொண்டுபோனாள். என்னையும்தான். எனக்குச் சிவப்பு மழைக்கோட்டை மாட்டிவிட்டு, "பின்னாலருந்து மெதுவா நடந்து வா. வேன ஒட்டி வராத, ரெண்டடி தள்ளி வா. நான் நில்லுன்னா நில்லு" என்றாள். சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் வேனுக்குப் பின்னால் வெகுதூரத்திலிருந்து நடந்து வந்தேன்.

"இருக்க" என்றாள் உள்ளேயிருந்து. நடு கண்ணாடியில் தெரிகிறேன். "இருக்க... இருக்க..." பின்சக்கரம் வரைக்கும் வந்தேன். "காணோம். நில்லு."

நின்றேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மூக்கு விடைத்துக்கொண்டது. கோயில் மேட்டில் கேட்ட அதே 'காணோம்'. அம்மா தலையை ஜன்னல் பக்கம் நீட்டி எட்டிப் பார்த்தாள், நான் அங்கேதான் நிற்கிறேன். உள்ளே போனாள், காணோம். வேனின் விலாவை மட்டும் காட்டிக்கொண்டிருந்த அந்த வலது கண்ணாடியைக் கையால் வெளிப்பக்கம் கொஞ்சம் தள்ளினாள். "திரும்ப வா" என்றாள்.

எத்தனை தடவை நடந்தேன் என்று எனக்கே தெரியாது. கால் கடுத்தது. அட்டை வேறு ஏறியது. ஒவ்வொரு தடவையும் நான் காணாமல் போகிற இடத்தில் அவள் ஒரு கல்லை வைத்தாள். கண்ணாடியைத் தள்ளத் தள்ளக் கல் முன்னால் நகர்ந்தது. "வேனு பக்கம் தெரியணும்னுதான் சொல்லிக் குடுத்தாங்க" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். "வேன எதுக்குப் பாக்கணும்? அது எங்க ஓடிப்போகுது?" தலையை ஜன்னல் கண்ணாடியில் முட்டிக்கொண்டு பார்த்தால் வேனின் ஓரம் மயிரிழை அளவுக்குத் தெரியும், நிமிர்ந்து உட்கார்ந்தால் அதுவும் தெரியாது. அந்த இடத்தில் கண்ணாடியை நிறுத்தினாள். பிறகு நடுப்பக்கம் சாய்ந்து, இடது கண்ணாடியையும் அதே கணக்கில் வெளியே தள்ளினாள். சாப்பிடக் கூட வீட்டுக்குப் போகவில்லை. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னை நடக்க விட்டாள்.

பின்னேரமாகிவிட்டது. நான் நடந்து வந்தேன். "இருக்க." நடு கண்ணாடி. "இருக்க." சைட் கண்ணாடி. "இருக்க... இருக்க..." நேராக அவள் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். அவள் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்து, "இருக்க" என்றாள். கல் வைக்க இடம் இல்லை.

ஏறி அவள் மடியில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். ரோடு தெரிந்தது, தேயிலை தெரிந்தது, திடலின் ஓரத்தில் மேய்ந்த மாடு தெரிந்தது. என் பேரைக் காணோம்.

"என் பேரு எங்க?"

"வெளிய இருக்கு."

"கண்ணாடியில இல்ல."

"கண்ணாடியில இனி இருக்காது" என்றாள். கொஞ்சம் கோபமாகச் சொன்ன மாதிரி இருந்தது. யார் மேல் கோபம் என்று எனக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை விடியக்காலை வேனை லயத்து வாசலில் நிறுத்திவிட்டு, பெரியம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து டிரைவர் சீட்டில் ஏற்றினாள். "ஐயோ, எனக்கு எதுக்கு தங்கச்சி இதெல்லாம்" என்று அவள் கூச்சப்பட்டாள். "கைய வச்சுக்கிட்டு சும்மா உக்காருங்க. பசங்கள வேனச் சுத்தி ஓடச் சொல்லுங்க. எங்கயாச்சும் காணாமப் போனா சொல்லுங்க, நான் வேன இன்னைக்கே வித்துர்றேன்." பையன்களுக்குக் கேட்கவா வேண்டும், சுற்றிச் சுற்றி ஓடினார்கள். பெரியம்மா அந்தக் கண்ணாடி, இந்தக் கண்ணாடி, நடு கண்ணாடி என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "இந்த எருமைங்க எங்கிட்டுப் போனாலும் தெரியுதுங்களே" என்றாள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போக நின்ற சனம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் பையன்கள் ஏறினார்கள். அந்த வாரத்துக்குள் மற்றவர்களும் ஏறிவிட்டார்கள். பாஸ்போட் பெட்டிக்குள் போனது. நான் பெட்டி மேல் என் புத்தகப் பையைத் தூக்கி வைத்தேன்.

பேரை நேராக மாற்றி எழுதச் சொல்லி நான் எவ்வளவோ அடம்பிடித்தேன். இனிக் கண்ணாடியிலும் இல்லை, ரோட்டில் போகிறவருக்கும் புரியாது, யாருக்கு அது? "இருக்கட்டும்" என்பாள், அவ்வளவுதான் பதில்.

பௌர்ணமி லீவான போயா நாளில் வேன் ஓடாது. கழுவித் துடைத்தபிறகு அம்மா சீட்டில் ஏறி, வலது கண்ணாடியை உள்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, பின்னாலிருந்து நடந்து வரச் சொல்லி, கண்ணாடியை மறுபடி சரியான இடத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் இறங்குவாள். ஒரு போயாவன்று நான் கூப்பிடாமலே போனேன். அப்படி என்னதான் பார்க்கிறாள் என்று அவள் ஜன்னலுக்குப் பக்கத்தில், கதவை ஒட்டி நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லு சாமி, மறைக்குது" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷம் காணோம் காணோம் என்றவளுக்கு இப்போது நான் மறைக்கிறேனா என்று காம்பராவுக்குள் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டேன். அம்மாவும் அப்பாவும் மாறி மாறிக் கூப்பிட்டும் சாப்பிடவில்லை.

நான் பெரியவளான பிறகு, ஒருநாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அம்மா சாதாரணமாகச் சொன்னாள். அந்த நாட்டு வீட்டில் அறைக்கு அறை பெரிய பெரிய கண்ணாடிகளாம். எல்லாவற்றையும் தினம் துடைக்க வேண்டும். போனை வீட்டுக்காரி வாங்கிப் பூட்டி வைத்திருந்த மாதங்களில், ஒவ்வொரு கண்ணாடியிலும் சோப்பு நுரையால் என் பேரை எழுதி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆள் வருவதற்குள் அழித்துவிடுவாளாம். அந்தப் போயாவன்று இது எனக்கு எப்படித் தெரியும்? நான் முழுசாகப் பக்கத்தில் நிற்கிறேன், அவள் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என் பேரைப் பார்க்கிறாள் என்பதுதான் தெரியும்.