காதுகுத்துக்கு நீங்கள் வரவில்லை

முருகம்மாள் தன் மகளின் காதுகுத்துக்கு உங்களை அழைத்தாள். அந்த அழைப்பை உங்களுக்கு அனுப்பாமல் அழித்தவள் நான்!

கைதவறி அல்ல, தெரிந்தே அழித்தேன். அரூரிலுள்ள எங்கள் தொண்டு நிறுவனத்திலிருந்து நன்கொடையாளர்களான உங்களுக்கு மாதந்தோறும் வரும் மின்னஞ்சலை எழுதுகிறவள் நான்தான். யார் திறந்தீர்கள், யார் திறக்காமலே தள்ளினீர்கள் என்பதெல்லாம் என் கணினியில் தெரியும். பெண்கள் சிரிக்கும் படத்தோடு ஒரு மடல் அனுப்பினேனே, நினைவிருக்கிறதா? எப்படி இருக்கும்! நீங்கள்தான் திறக்கவே இல்லையே. வளைந்த கால்களோடு ஒருத்தி குடம் சுமக்கும் படம் போனது... அன்றைக்கே மனம் கலங்கிப் பதில் எழுதினீர்கள்.

சரி, உங்களுக்குக் கண்ணீர்தான் வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்.

முருகம்மாளின் ஊர் கம்பைநல்லூர்ப் பக்கம். போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு. குடித்துக் குடித்துப் பல் கறையேறி, முழங்கால் வளைந்துபோன ஊர். அங்கே குடிநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் வைக்க உங்களிடம் உதவி கேட்க வேண்டும். "நீ சொல்றத அப்படியே எழுதி அனுப்புறேன்" என்று அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

அவள் எங்கே அழுதாள்?

"பாப்பாவுக்குக் காது குத்தறோம், முனியப்பனுக்குக் கெடா வெட்டறோம். அல்லாரும் குடும்பத்தோட வந்து, ரெண்டு நாள் எங்க வூட்ல தங்கிட்டுப் போவோணும்னு எழுதுங்க மேடம்" என்றாள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினாள். "அவங்க கையில குடுத்ததா நெனச்சு நீங்க வாங்கிக்கங்க."

வாங்கிக்கொண்டேன்.

கிடா வெட்டி விருந்து வைக்கிற வீட்டுக்கு நீங்கள் உதவியிருப்பீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்! அவள் சொன்னதை அழித்துவிட்டு, 'என் குழந்தையின் கால்களைக் காப்பாற்றுங்கள்' என்று அவள் பெயரில் நானே எழுதினேன். உருகினீர்கள். இயந்திரம் வந்தது. ஊரே நல்ல தண்ணீர் குடித்தது, முருகம்மாளும்தான்.

பிறகு காதுகுத்து நாள். பந்தியில் முதல் வரிசையை உங்களுக்காக ஒதுக்கிவிட்டு, வேறு யாரையும் அதில் உட்கார விடாமல் நின்றாள். கறிச்சோறு ஆறியது. என்னிடம் வந்தாள்.

"கெளம்பிட்டாங்களாங்க?"

"வர முடியலையாம்" என்றேன். பழியைத் தூக்கி உங்கள் தலையில் போட்டேன்!

"இத்தன பேருல ஒருத்தருக்குமா முடியல? எங்க வூட்ல கை நனைக்கக் கூடாதுன்னு இருக்காங்களா?" அவள் முகம் செத்துப்போயிற்று. "எங்க சோத்த வேணாங்கறவங்க குடுத்த தண்ணி எங்களுக்கு எதுக்குங்க?"

மறுநாளே குடத்தைத் தூக்கிக்கொண்டு பழைய போர்வெல்லுக்குப் போனாள். இன்றுவரை அந்த வீட்டில் அந்தத் தண்ணீர்தான்.

உண்மையைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கேட்கிறீர்களா? சொன்னால் பொழுது சாய்வதற்குள் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவும். பக்கத்து ஊருக்கும் இயந்திரம் வைக்க வேண்டும். என்னை நம்பி அங்கே யார் வாய் திறப்பார்கள்? கோழை என்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள்! உங்களை எழுப்ப நீங்களும்தான் ஒரு மடல் எழுதிப் பாருங்களேன். மறுபடியும் அதே நிலை வந்தால் நான் அதையேதான் எழுதுவேன்.

செய்யாத குற்றத்துக்கு ஒரு வீட்டில் நீங்கள் ஏச்சு வாங்குகிறீர்கள். அது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க அல்ல.

ஆனாலும்... போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். என்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. "வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டினாள். எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது? பாதி குடித்தேன்.

மீதியைக் கேட்டு அவள் மகள் கை நீட்டினாள். மூன்று வயது. சொம்பைக் கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.