இருபத்து நாலு டிகிரி ஜாம்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், முத்தையாபுரம் தாண்டி இடது கைப் பக்கம் வெள்ளை வெளேரென்று கிடக்கும் உப்பளங்களில் ஒன்றில், சங்கரபாண்டியன் முப்பத்தெட்டு வருஷமாகத் தண்ணீர் பார்க்கிறார். தண்ணீர் பார்ப்பது என்றால் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. பாத்தி பாத்தியாக வெயிலில் கனத்து வருகிற கடல் தண்ணீர் எந்த நேரத்தில் உப்பாகும் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு கண்ணாடிக் குழல் உண்டு. அடியில் கனத்த குண்டு, மேலே மெல்லிய கழுத்து, கழுத்துக்குள் கோடு கோடாக எண்கள். தண்ணீரில் மிதக்க விட்டால், எந்தக் கோடு வரை மூழ்குகிறதோ அத்தனை டிகிரி; தண்ணீர் கனக்கக் கனக்கக் குழல் மேலே எழும்பும், எண்ணும் ஏறும். கடல் தண்ணீர் மூன்று. இருபத்து நாலில் உப்பு இறங்கும். முப்பதை நெருங்க விட்டால் உப்பில் கசப்பு ஏறிவிடும், மாடு கூட நக்காது.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் டிகிரி விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். குழலை எடுக்காமலே, பாத்திக்குள் இறங்கி நாலு எட்டு நடந்து, காலால் துழாவி, "இருபத்திரண்டு" என்பார். குழலை விட்டுப் பார்த்தால் இருபத்திரண்டுதான் இருக்கும். "டிகிரி" என்றே அவருக்குப் பட்டப்பெயர். காலேஜ் போய் வாங்கியவனுக்குக் கூட அந்தப் பேர் அவ்வளவு ஒட்டியதில்லை.

அப்பேர்ப்பட்ட காலில்தான் வினை வந்தது. போன வருஷம் உப்புக்கல் கிழித்த ஒரு சின்னக் காயம், மூன்று மாசம் ஆறாமல் கிடந்தது. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பத்தரையைத் தாண்டி நின்றது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், தினமும் நடக்கச் சொன்னார், எட்டுக்குக் கீழே வரும் வரை உப்புத் தண்ணீரில் காலை வைக்கக் கூடாது என்றும் சீட்டில் எழுதிவிட்டார். முதலாளி ராஜதுரை அந்தச் சீட்டை வாங்கிப் படித்தார். உடனே உப்பளத்து கேட்டில், லாரி எடை போடும் மேடைக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார்.

"வே, எட்டுக்குக் கீழ ஒரு சீட்டு கொண்டாரும். அன்னைக்கே பாத்தியில இறங்கும். அதுவரைக்கும் இந்தச் சேர்தான் உம்ம பாத்தி."

"தண்ணிய யாரு மொதலாளி பாப்பா?"

"நீருதான் பாப்பீரு. தண்ணி உம்மத் தேடி வரும்."

வந்தது. உப்பு வாருகிற சந்தனமாரி, ஒரு காலிக் கலர் சோடா பாட்டிலில் பாத்தித் தண்ணீரை மொண்டுகொண்டு வந்து நீட்டினாள்.

"இந்தாங்க அண்ணாச்சி, மூணாம் பாத்தி. மூடியத் தெறந்து தீர்த்தம் மாதிரிக் கும்பிட்டுட்டுச் சொல்லுங்க."

ஒரு மனுஷனின் மானத்தை வாங்க இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. பாட்டில் தண்ணீரில் குழலை விட்டு எண்ணைச் சொன்னார். ஆனால் தண்ணீரைக் காலால் தொடாமல் சொல்வது, பெண்ணின் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டுத் தாலி கட்டுகிற மாதிரி இருந்தது அவருக்கு. எட்டு. எட்டுக்குக் கீழே வர வேண்டும். சாப்பிடும்போதும் எட்டு, படுக்கும்போதும் எட்டு.

வீட்டில் அவர் மனைவி அருணாசலவடிவு. ஏரல்காரி. மனுஷனுக்குக் காலையில் தோசைக்குச் சட்னியோடு ஒரு கரண்டி சீனியும் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அதை ஒரேயடியாக நிறுத்தினால் வீடு தாங்காது என்பதும் தெரியும். போனில் ஏதோ சமையல் வீடியோ பார்த்தாள். பழத்தைக் கூழாக்கி, சீனியே போடாமல், சியா விதையைத் தூவி இறக்கினால் ஜாம். விதை தண்ணீரைக் குடித்துத் தானே கெட்டியாக்கிவிடுமாம்.

"நாலு ஸ்பூன் விதை, கெட்டியாகிற வரைக்கும் கிண்டணும், அம்புட்டுதான்" என்றாள்.

சங்கரபாண்டியன் தலையை நிமிர்த்தினார். "கெட்டின்னா எத்தனை டிகிரி?"

"கெட்டின்னா கெட்டி."

"ஏளா, கெட்டின்னா கெட்டின்னு ஒரு அளவு உண்டா? கடல்தண்ணி கூட உனக்குக் கெட்டிதான். தள்ளு அங்கன."

அன்றோடு அடுப்படி அவர் கைக்குப் போனது. சின்னப் பாக்கெட் வாங்கிவரச் சொல்லி அனுப்பினாள். உப்பை டன் கணக்கில் பார்த்த கண்ணுக்குச் சின்னப் பாக்கெட் தெரியவில்லை. ஒரு கிலோ சியா விதை, ஐந்து கிலோ பப்பாளி, ஆகப் பெரிய அலுமினியப் பானை. உப்பளத்துக் குழல் ஒன்றை வெந்நீரில் மூன்று தடவை கழுவி, மஞ்சள் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

பப்பாளிக் கூழை அடுப்பில் வைத்துப் பார்த்தார். ஆறு டிகிரி. கடலை விட இரண்டு மடங்கு, பரவாயில்லை. ஒரு மணி நேரம் கிண்டிய பிறகு எட்டு. இரண்டு மணி நேரத்தில் ஒன்பது. கை ஓய்ந்து போனது. இருபத்து நாலுக்குப் போகும் முன் பானையில் பப்பாளி இருக்காது, கரிதான் இருக்கும்.

அடுப்பை அணைத்து விதையைப் போட ஆரம்பித்தார். நாலு ஸ்பூன் போட்டுக் குழலை விட்டார், ஒன்பது. இன்னும் நாலு, ஒன்பது. உப்பளத்தில் ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்குத் தண்ணீரைத் திறந்தால் குழல் உடனே சொல்லும். விதை அப்படி இல்லை. அது ஊற வேண்டும், வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், பிறகுதான் வேலை. இதை வீடியோவில் சொல்லியிருந்தார்கள். வீடியோ பார்த்தது அவர் இல்லையே. கையால் அள்ளிப் போட்டார், ஒன்பதரை. பாக்கெட்டைக் கவிழ்த்தார். அப்போதும் பெரிதாக ஒன்றும் அசையவில்லை. "களிமண்ணு மாதிரி விதை, சத்தே இல்ல" என்று திட்டிவிட்டு, குழலைப் பானையிலேயே நட்டுவிட்டு, கடைக்கு டீ குடிக்கப் போனார்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

"ஏளா வடிவு! இங்கன வா! இருபத்து நாலு! அச்சு பிசகாம இருபத்து நாலு!"

கறுப்புப் புள்ளி புள்ளியாகக் கூழ் மினுமினுத்தது. நடுவில் குழல், கொடிமரம் மாதிரி நிமிர்ந்து நின்றது. மனுஷன் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. கல்யாணத்தன்றுகூட அவள் அதைப் பார்த்ததில்லை.

அருணாசலவடிவு குனிந்து பார்த்தாள். குழலின் நுனியைப் பிடித்து லேசாகத் தூக்கினாள். தூக்கிய இடத்தில் அது நின்றது.

"இப்ப முப்பது" என்றாள்.

அழுத்தினாள். "இப்ப பன்னெண்டு."

கொஞ்சம் சாய்த்தாள். சாய்ந்தபடியே நின்றது. "இது என்ன டிகிரிங்க?"

அவர் அவளை விலக்கிவிட்டுக் குனிந்தார். தானே குழலைத் தொட்டு ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். எங்கே வைத்தாலும் வைத்த இடத்தில் விசுவாசமாக நின்றது. முப்பத்தெட்டு வருஷத்தில் குழல் பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளை கோர்ட்டில் ஏறிப் பொய்ச்சாட்சி சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. சாப்பிடாமல் பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

ஜாம் படுக்கவில்லை. அது ஊறிக்கொண்டே இருந்தது. மறுநாள் பானையில் நட்ட கரண்டியைப் பிடித்துத் தூக்கினால் பானையும் சேர்ந்து வந்தது. அருணாசலவடிவு ஒரு பொருளைக் கீழே கொட்டுகிற ஆள் இல்லை. இளக்க வேண்டும் என்று மேலும் பப்பாளி அரைத்து ஊற்றினாள், எலுமிச்சை பிழிந்து, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தாள். விதை அத்தனையும் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்றது. ஒரு பானை மூன்று பானை ஆனது. சீனி இல்லாத ஜாம் வெளியே வைத்தால் கெட்டுப்போகும் என்பதால், ஊறுகாய் பாட்டில், தேன் பாட்டில் என்று, தைல பாட்டில் தவிர மற்ற எல்லா பாட்டிலிலும் அடைத்து, தெருவில் யார் வீட்டில் எல்லாம் ஃப்ரீசர் உண்டோ அங்கெல்லாம் குடிவைத்தாள். சந்தனமாரிக்கும் ஒரு பாட்டில் போனது.

இரண்டு நாள் கழித்து அவள் கேட்டுக்கு வந்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"அண்ணாச்சி, அது என்ன மீன் சினை? புளி கரைச்சு விட்டுக் குழம்பு வச்சேன். கொதிக்கக் கொதிக்கப் பெருகுது. எங்க வீட்டுக்காரரு ஒரு வாய் தின்னுட்டு, மீனு இனிக்குதுங்காரு."

"அது ஜாம், மாரி."

"ஜாமா? நல்லா இருந்திய போங்க! அவரு கடல்ல ஏதோ கெட்டுப் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதாரு."

தின்று தீர்க்கும் பொறுப்பு சங்கரபாண்டியனுக்கு வந்தது. அளவை மட்டும் இப்போது வடிவு போட்டாள்: தோசைக்கு இரண்டு ஸ்பூன், அதற்கு மேல் கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, நாக்குக்கு நன்றாகவே இருந்தது. பழத்தின் இனிப்பு, எலுமிச்சையின் லேசான புளிப்பு, பல்லில் நறநறவென்று விதை. தின்று இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் வயிறு கும்மென்று நிற்கும். ஐந்து தோசை தின்கிறவர் மூன்றோடு எழுந்தார். சீனி டப்பாவை மறந்தார். மாலையில் துறைமுகச் சாலையில் கோபமாக நடந்தார், அந்தக் குழலைத் திட்டிக்கொண்டே. அதற்கப்புறம் பாட்டில் தண்ணீரில் எண் சொல்லும்போதும், குழலை இரண்டு தடவை தட்டிவிட்டு, சந்தேகத்தோடுதான் சொன்னார்.

மூன்று மாசம் முடிந்தது. சோதனைக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போனார்கள். கிளினிக்கில் ஜெஸ்லின் என்ற நர்ஸ், விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து மெஷினில் வைத்தாள். ஐந்து நிமிஷத்தில் எண் வந்தது.

"ஏழு புள்ளி ஏழு! குறைஞ்சிட்டு அண்ணாச்சி. சந்தோஷமாப் போங்க."

வேறு ஆளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பான். சங்கரபாண்டியன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு மட்டம் பாரு தாயி."

"எதுக்கு?"

"மெஷினு வச்ச இடத்துல நிக்குதான்னு பாக்கணும்."

ஜெஸ்லினுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வடிவு கண்ணால் கெஞ்சியதால் இன்னொரு விரலில் குத்தினாள். ஐந்து நிமிஷம். ஏழு புள்ளி ஏழு.

"பாத்தியா!" தொடையில் அடித்துக்கொண்டார். "அங்கனயே நிக்குது! அசையவே இல்ல! நான் சொல்லல?"

"அண்ணாச்சி, ரெண்டு தடவையும் ஒண்ணு போல வந்தா சரியா இருக்குன்னு அர்த்தம்!"

"அது உனக்கு. எனக்கு ஒரு குழல் இப்பிடித்தான் நின்னுச்சு. சியா விதையில மாட்டிக்கிட்டா எதுவும் அசையாது."

"உங்க ரத்தத்துல என்ன, சியா விதையா ஓடுது?"

"ஓடுனாலும் ஓடும். மூணு மாசமா அதத்தான தின்னேன்."

வெளியே வரிசையில் ஆள் சேர்ந்துவிட்டது. ஜெஸ்லின் தலையில் கை வைத்தாள். சங்கரபாண்டியனுக்கு இது விளையாட்டில்லை. பொய் எண்ணை எடுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் காட்டிவிட்டுப் பாத்தியில் இறங்கி, காலில் மறுபடி புண் வந்தால், நாற்காலிகூட மிஞ்சாது. அந்த எண் உண்மையாக இருக்க வேண்டும் என்று அவரைப் போல ஆசைப்பட்டவன் அந்தக் கட்டிடத்தில் ஒருவனும் இல்லை. அதனால்தான் அவரால் நம்ப முடியவில்லை.

"எனக்குக் குத்தும்மா" என்று அருணாசலவடிவு கையை நீட்டினாள். "வேற ஆளு ரத்தத்துக்கு வேற நம்பர் வந்தா, மெஷினு அசையுதுன்னு நம்புவியல்லா?"

யோசித்தார். நியாயமாகப் பட்டது. "சரி, குத்து."

அந்த ஐந்து நிமிஷமும் மெஷினுக்கு முன்னால் குனிந்தே நின்றார், மூச்சைப் பிடித்துக்கொண்டு. எண் விழுந்தது.

ஒன்பது புள்ளி மூன்று.

"நகந்துட்டு!" வெளியே நின்ற வரிசை எட்டிப் பார்த்தது. "ஏளா, நகந்துட்டு! ஒம்போது புள்ளி மூணு! மெஷினு நல்ல மெஷினு! எனக்கு ஏழு புள்ளி ஏழுதான், நெசமாவே ஏழு புள்ளி ஏழு!" ஜெஸ்லினின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கூட யாரும் சிரிக்கவில்லை என்பது மெதுவாகத்தான் உறைத்தது. ஜெஸ்லின் வடிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவு சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு எத்தனை நாளா சுகர் இருக்கு?"

"எனக்கா? எனக்கு ஏதும்மா சுகரு?"

வண்டியில் திரும்பும்போது ஒன்றாம் ரயில்வே கேட்டில் நிற்க வேண்டியிருந்தது. ரயிலுக்காகக் கேட் அடைத்திருந்தது. அங்கேதான் அவருக்கு யோசனை ஓடியது. சீனியை விட்டாரே தவிர, சனிக்கிழமைச் சம்பளத்தில், முந்திரியும் சீனியுமாய்ச் செய்த மக்ரூன் பாக்கெட் வாங்கும் பழக்கத்தைக் கை விடவில்லை. வருகிறவர்களுக்கு ஆகட்டும் என்று கொண்டுவந்து அலமாரியில் வைப்பார். இந்த மூன்று மாசத்தில் வீட்டுக்கு யாரும் வரவில்லை.

"வடிவு, அந்த மக்ரூன் எல்லாம் என்ன ஆச்சு?"

பின்னால் உட்கார்ந்திருந்தவள் தலைப்பை இழுத்துச் செருகினாள். "நமுத்துப் போயிரும்லா."

மறுநாள் காலை ராஜதுரை சீட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, எண்ணின் மேல் விரலை வைத்துப் படித்தார். "ஏழு புள்ளி ஏழு. சரி வே, இறங்கும். டாக்டர் சொன்ன பூட்ஸ் போட்டுக்கிடணும்." பிளாஸ்டிக் நாற்காலியை வாட்ச்மேன் உடனே தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். அதைப் போட்டுக்கொண்டு மூன்றாம் பாத்தியில் இறங்கினார் சங்கரபாண்டியன். காலில் தண்ணீர் படவில்லை. ஆனால் பூட்ஸுக்கு அடியில் உப்புக்கல் நொறுங்குவது உள்ளங்காலுக்குத் தெரிந்தது. நாலு எட்டு நடந்தார், நின்றார், கண்ணை மூடினார்.

"இருபத்து மூணரை" என்று சொல்ல வாயெடுத்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது.

"ஏங்க, பாட்டிலத் தெறந்துட்டேன். எனக்கு எத்தனை கரண்டிங்க?"

"ரெண்டு."

"குழம்புக் கரண்டியா, ஸ்பூனா?"

"ஸ்பூனுளா! நீதான எனக்குப் போட்ட அளவு! தலை தட்டி ரெண்டு. குவிச்சு எடுக்காத. நிக்கியா? எடுத்துட்டியா? எங்கன வச்சிருக்க, காட்டு, வீடியோவுல போடு!"

"அண்ணாச்சி!" பின்னாலிருந்து சந்தனமாரி உப்பு வாரும் பலகையை ஓங்கிக்கொண்டு கத்தினாள். "மூணு மாசமாப் பாத்தி பாத்தின்னு அழுதியல்லா? இப்ப பாத்திக்கு நடுவுல நின்னுக்கிட்டு அடுப்படியப் பாக்கிய! ஒண்ணு டிகிரியச் சொல்லுங்க, இல்ல வழிய விடுங்க!"

"இரு மாரி" என்றார் அவர், போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தபடி. "ஏளா, அது குவிச்சு இருக்கு. கொட்டு. கொஞ்சம் கொட்டு."